மைல் இருக்கு, சீட் இருக்கா?

பயணத்துக்கும் கார்டுச் செலவுக்கும் பரிசாகச் சேர்ந்து, பிறகு டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய விமான மைல்கள் பற்றி வந்த கடிதங்கள் பலவற்றிலும் ஒரே புலம்பல்தான்: கணக்கில் மைல் குவிந்து கிடக்கிறது, டிக்கெட்தான் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கிவிடலாம்.

கேள்வி: சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையர் கணக்கில் 1,60,000 மைல் வைத்திருக்கிறேன். மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். ஜூன் மாதம் நானும் மனைவியும் சென்னையிலிருந்து நெவார்க் போக எகானமியில் தேடினால் எந்தத் தேதியிலும் சிங்கப்பூர்–நெவார்க் நேரடி விமானத்தில் இடம் காட்டவில்லை. மைலைக் கொடுத்துவிட்டு ஏமாற்றுகிறார்களா?
— எஸ்.ஆர்., தாம்பரம்

பதில்: ஏமாற்று இல்லை. நீங்கள் தேடும் இருக்கையே அந்த விமானத்தில் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து நெவார்க்குக்கு நேராகப் பறக்கும் ஏ350-900 யூஎல்ஆர் விமானத்தில் இருப்பவை 67 பிசினஸ் இருக்கைகளும் 94 பிரீமியம் எகானமி இருக்கைகளும் மட்டுமே. சாதா எகானமி ஒன்றுகூட இல்லை. ஆகவே எத்தனை தேதியை மாற்றினாலும் வராது.

எகானமிதான் வேண்டுமென்றால் இரண்டு வழி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக நியூயார்க் ஜேஎஃப்கே நிலையத்துக்கு ஒரு விமானம் விடுகிறது, அதில் எகானமி உண்டு. நியூஜெர்சியிலிருந்து ஜேஎஃப்கே வந்து அழைத்துப்போவது மகளுக்குக் கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். இன்னொன்று, கிரிஸ்ஃப்ளையர் மைலைக் கொண்டே கூட்டணி விமானங்களில் இடம் எடுப்பது. லுஃப்தான்சாவும் ஏர் இந்தியாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஒரே ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி. தேடும் பக்கத்தில் கூட்டணி விமானங்களுக்கான பகுதிக்குப் போய் சென்னை–ஃபிராங்க்ஃபர்ட்–நெவார்க் என்றும், சென்னை–டெல்லி–நெவார்க் என்றும் போட்டுப் பாருங்கள். இதற்கான மைல் அட்டவணை வேறு, வரியும் வேறு. தூரத்தைப் பார்த்தாலும் இதுதான் நியாயம்: சிங்கப்பூர் சுற்றிப் போனால் சுமார் 11,300 மைல், ஃபிராங்க்ஃபர்ட் வழி சுமார் 8,600 மைல். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்த வித்தியாசம் முழங்காலில் தெரியும்.

இடம் கிடைப்பது பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு விமானத்திலும் மைலுக்கென்று ஒதுக்குவது சில இருக்கைகள்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பயண நாளுக்கு 355 நாள் முன்பு விற்பனை திறக்கும்போது கொஞ்சம் வரும். பிறகு விற்காமல் மீந்தவை பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது சில சமயம் வெளியே வரும். நடுவில் உள்ள மாதங்களில் பெரும்பாலும் வறட்சி. மார்ச்சில் உட்கார்ந்து ஜூனுக்குத் தேடுகிறவர் அந்த வறட்சியில் மாட்டிக்கொள்கிறார். ஜூன் போவதைச் செப்டம்பருக்குத் தள்ள முடியுமானால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தேடும்போது இருவர் என்று போடாமல் முதலில் ஒருவர் என்று போடுங்கள். ஓர் இருக்கை மட்டும் இருக்கும் நாளில் இருவருக்குத் தேடினால் “இல்லை” என்றுதான் காட்டும். அடுத்து, பயணத்தை உடைத்துத் தேடுங்கள். சென்னை–சிங்கப்பூர் தனி, சிங்கப்பூர்–நியூயார்க் தனி. எந்தத் துண்டில் அடைப்பு என்று அப்போதுதான் தெரியும். அநேகமாக நீளத் துண்டில்தான் இருக்கும். மைல் குறைவாகக் கேட்கும் சேவர் வகையில் இடம் இல்லாவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடலாம். உறுதியானால்தான் மைல் கழியும். ஆனால் அதை நம்பி லீவும் பெட்டியும் தயார் செய்ய வேண்டாம், கடைசிவரை வராமலே போவதும் உண்டு. அட்வான்டேஜ் வகையில் இடம் சுலபமாகக் கிடைக்கும், மைல்தான் கணிசமாகக் கூடும்.

போகவர ஒரே டிக்கெட்டாக எடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஒருவழிக்கு அநேகமாகப் பாதி மைல்தான். போக ஒரு வழி, திரும்ப வேறு வழி என்று பிரித்து எடுத்தால், இரு வேறு கணக்குகளில் மைல் இருந்தால் இரண்டையும் பயன்படுத்தலாம்.

கேள்வி: 40,000 மைல் செலவழித்து எகானமி டிக்கெட் எடுப்பது லாபமா, காசு கொடுத்தே வாங்கிவிடலாமா? எப்படிக் கணக்குப் பார்ப்பது?
— வி.எம்., கோயம்புத்தூர்

பதில்: அதே விமானத்தின் ரொக்க விலையிலிருந்து, மைல் டிக்கெட்டுக்கு நீங்கள் கட்டவேண்டிய வரியைக் கழியுங்கள். மீதியை மைலால் வகுங்கள். உதாரணத்துக்கு, ரொக்க விலை 45,000 ரூபாய். மைல் டிக்கெட்டுக்கு 40,000 மைலும் 9,000 ரூபாய் வரியும். மீதி 36,000. ஒரு மைலுக்குக் கிடைத்தது 90 காசு. பிசினஸ் வகுப்பில் ரொக்கம் 2,10,000, மைல் டிக்கெட் 70,000 மைலும் 14,000 ரூபாயும் என்றால் ஒரு மைலுக்கு 2 ரூபாய் 80 காசு. பிசினஸில்தான் லாபம் என்று எல்லோரும் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அதில் ஓர் ஓட்டை உண்டு. இரண்டு லட்சம் கொடுத்து நீங்கள் ஒருநாளும் பிசினஸில் போகமாட்டீர்கள் என்றால் அந்த 2 ரூபாய் 80 காசு காகிதத்தில் மட்டுமே லாபம். எகானமிக்கு மைலைச் செலவழிப்பவரை ஏளனமாகப் பார்க்கவேண்டியதில்லை. கோடையில் கடைசி நேரத்தில் டிக்கெட் விலை இரட்டிக்கும்போது எகானமி மைல் டிக்கெட்டுக்கே நல்ல மதிப்பு வந்துவிடும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மலிவு ரொக்க டிக்கெட்டை ரத்து செய்தால் அநேகமாகத் திரும்ப எதுவும் வராது, மைல் டிக்கெட்டில் சிறு கட்டணம் பிடித்துக்கொண்டு மைலைத் திருப்பித் தருவது வழக்கம். விசா வருமா வராதா என்று காத்திருக்கும் பெற்றோருக்கு இது பெரிய வசதி.

கேள்வி: கிரெடிட் கார்டில் சேர்த்த புள்ளிகளை விமான மைலாக மாற்றினேன். மாற்றி முடிப்பதற்குள் பார்த்து வைத்த சீட் போய்விட்டது. வங்கியில் கேட்டால் திருப்பித் தர முடியாது என்கிறார்கள்.
— ஜே.எல்., சென்னை

பதில்: முடியாதுதான். வங்கிப் புள்ளி மைலாக மாறியபின் திரும்பும் பாதை கிடையாது. எந்த வங்கியிலும் இதுதான் விதி. போனதை அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொண்டு வேறு தேதி தேடுங்கள். அடுத்த முறைக்கு இந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மைல் கணக்கைப் புள்ளி மாற்றுவதற்கு வெகுமுன்பே திறந்து வையுங்கள். புதுக் கணக்குகளைச் சில நிறுவனங்கள் சந்தேகத்தோடு பார்க்கும். நேற்றுத் திறந்து இன்று லட்சம் மைல் வந்து நாளை அடுத்தவர் பெயரில் டிக்கெட் எடுத்தால் கணக்கை முடக்கிவிட்டு விளக்கம் கேட்பார்கள். கார்டில் உள்ள பெயரும் மைல் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். பிறகு சோதனைக்காக, வங்கி அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவு புள்ளியை மட்டும் மாற்றிப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறது என்று தெரிந்துவிடும். சில இணைப்புகளில் நிமிடங்களில் போகும், சிலவற்றில் நாலைந்து நாள் ஆகும். நாலைந்து நாள் ஆகும் இணைப்பில், இன்று பார்த்த ஒற்றை இருக்கையை நம்பி முழுப் புள்ளியையும் அனுப்புவது சூதாட்டம். ஒரே வாரத்தில் மூன்று நான்கு தேதிகளில் இடம் தெரிந்தால் மட்டும் அனுப்புங்கள். சில நிறுவனங்களில் தொலைபேசியில் கேட்டால் ஓரிரு நாள் இருக்கையைப் பிடித்துவைப்பார்கள். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

மாற்று விகிதத்தையும் கவனியுங்கள். ஒரு புள்ளிக்கு ஒரு மைலா, இரண்டு புள்ளிக்கு ஒரு மைலா என்பது கார்டுக்குக் கார்டு மாறும், ஒரே கார்டில் விமான நிறுவனத்துக்கு நிறுவனமும் மாறும். ஆண்டுக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்ற உச்சவரம்பும் இருக்கும். வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது ஆகியவற்றுக்குப் பல கார்டுகளில் புள்ளியே கிடையாது. கார்டு பாக்கியை மாதாமாதம் முழுமையாகக் கட்டாதவர் இந்த விளையாட்டுக்கே வரவேண்டாம். மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். எந்த மைலும் அதற்கு ஈடாகாது.

கேள்வி: பாஸ்போர்ட்டில் எனக்கு சர்நேம் பகுதி காலி. மைல் கணக்கில் இனிஷியலோடு இருக்கிறது. பயணம் செய்த மைல் ஏறவே இல்லை. என்ன செய்வது?
— க.செ., மதுரை

பதில்: நம் ஊர்க்காரர்களுக்கென்றே அமைந்த தொல்லை இது. விமான நிறுவனங்களின் கணினி, குடும்பப் பெயர் ஒன்று, தன் பெயர் ஒன்று என்று இரண்டு கட்டம் கேட்கும். நம் பாஸ்போர்ட்டில் “செல்வம் குமாரசாமி” என்பது முழுவதும் தன் பெயர்க் கட்டத்தில் இருக்கும், மற்றது காலி. டிக்கெட் எடுக்கும் ஏஜென்ட் தன் வழக்கப்படி ஒன்றைப் போடுவார்: ஒரு தடவை பெயரையே இரு கட்டத்திலும் போடுவார், இன்னொரு தடவை ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று போடுவார், மற்றொரு தடவை இரண்டாகப் பிளந்து குமாரசாமியைக் குடும்பப் பெயராக்குவார். மைல் கணக்கிலோ “கே. செல்வம்”. கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் இவர் வேறு, அவர் வேறு என்று முடிவு கட்டிவிடுகிறது. போர்டிங் பாஸில் பெயரின் வாலில் ‘எம்ஆர்’ ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது ‘மிஸ்டர்’தான், அதனால் மைல் நிற்காது.

செய்யவேண்டியது: மைல் கணக்கின் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்தச் சொல்லி, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அனுப்புங்கள். சர்நேம் காலி என்றால் உங்கள் நிறுவனம் எப்படிப் பதியச் சொல்கிறது என்று கேட்டு, இனி எல்லா டிக்கெட்டையும் அதே வடிவில் எடுங்கள். அது முடிந்தபின் விடுபட்ட மைலுக்கு விண்ணப்பியுங்கள். பல நிறுவனங்கள் ஆறு மாதம்வரைதான் அவகாசம் தருகின்றன, ஆறப்போட வேண்டாம்.

விண்ணப்பத்தில் கேட்பது 13 இலக்க டிக்கெட் எண். ஆறு எழுத்து பிஎன்ஆர் அதற்கு உதவாது. டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தைச் சொல்லும்: 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 098 ஏர் இந்தியா, 176 எமிரேட்ஸ், 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 157 கத்தார், 220 லுஃப்தான்சா, 603 ஸ்ரீலங்கன். போர்டிங் பாஸை மைல் ஏறும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

மைல் ஏறியும் குறைவாக இருந்தால் டிக்கெட்டில் கட்டண வகையைக் குறிக்கும் வகுப்பு எழுத்தைப் பாருங்கள். எகானமியிலேயே பத்துப் பன்னிரண்டு எழுத்து உண்டு. சென்னை–சிங்கப்பூர் பறக்கும் தூரம் சுமார் 1,800 மைல். பாதி மட்டும் தரும் மலிவு எழுத்தில் 900தான் ஏறும். சில எழுத்துகளில் கூட்டணி நிறுவனக் கணக்குக்கு ஒன்றுமே ஏறாது. ஏர் இந்தியா போன்றவை 2024க்குப் பிறகு தூரத்தை விட்டுவிட்டுக் கட்டிய பணத்துக்கு ஏற்பப் புள்ளி தருகின்றன. அங்கே தூரக் கணக்கே பொருந்தாது.

கேள்வி: நாங்கள் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். குடும்பத்தில் நாலு பேரிடமும் ஏர் கனடாவின் ஏரோபிளான் புள்ளி சிதறிக் கிடக்கிறது. சென்னையில் கல்யாணம், அதை முடித்துக்கொண்டு யாழ்ப்பாணமும் போக வேணும். இதை ஒரே டிக்கெட்டில் செய்யலாமா?
— எஸ்.பி., டொராண்டோ

பதில்: செய்யலாம், அதுவும் மைல் திட்டங்களுக்குள் உங்களுடையது இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துவது. முதலில் குடும்பப் பகிர்வு வசதியில் எல்லோரையும் சேருங்கள். எட்டுப் பேர்வரை இலவசமாகச் சேரலாம், புள்ளிகள் ஒரே குளத்தில் நிற்கும்.

ஏரோபிளான் அட்டவணை பறக்கும் தூரத்தை வைத்து அடுக்கடுக்காகப் போடப்பட்டது. உங்கள் பயணத்துக்கு முக்கியமான அடுக்குகள் இரண்டு: 6,001 முதல் 8,000 மைல்வரை ஒன்று, 8,000க்கு மேல் ஒன்று. டொராண்டோ–டெல்லி நேராகச் சுமார் 7,200 மைல். டெல்லி–சென்னை சுமார் 1,100. ஆக, டெல்லியோடு நின்றால் கீழ் அடுக்கு, சென்னைவரை ஒரே டிக்கெட்டில் வந்தால் மேல் அடுக்கு. சிக்கனத்துக்காக டெல்லிவரை புள்ளியிலும், டெல்லி–சென்னையைக் காசிலும் எடுப்பவர்கள் உண்டு. டொராண்டோ விமானம் தாமதமானால் தனியாக வாங்கிய உள்நாட்டு டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பல்ல. உள்நாட்டு டிக்கெட்டில் பெட்டியின் எடை வரம்பும் குறைவு, நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு பெட்டி என்றால் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். ஒரே டிக்கெட் என்றாலும் டெல்லியில் பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்து மறுபடி ஒப்படைக்கவேண்டி வரும் என்பதால் இணைப்புக்கு மூன்று மணி நேரமாவது வையுங்கள்.

கல்யாணம், யாழ்ப்பாணம் இரண்டும் இருப்பதால் மேல் அடுக்கே உங்களுக்கு நல்லது. ஒருவழிப் பயணத்தில் 5,000 புள்ளி கூடுதலாகக் கொடுத்தால் நடுவில் ஓர் ஊரில் 45 நாள்வரை தங்கலாம். கனடாவிலோ அமெரிக்காவிலோ அப்படித் தங்க முடியாது. எனவே டொராண்டோ–டெல்லி–சென்னை, அங்கே தங்கல், பிறகு சென்னை–கொழும்பு ஏர் இந்தியா என்று போடுங்கள். ஏற்கெனவே 8,000ஐத் தாண்டிவிட்டதால் கொழும்புத் துண்டு அடுக்கை மாற்றாது, தங்கலுக்கான 5,000 மட்டும் கூடும். இணையத்தில் இது ஒழுங்காக வராவிட்டால் தொலைபேசியில் துண்டு துண்டாக விமான எண்ணும் தேதியும் சொல்லிப் போடச் சொல்லுங்கள். கூட்டணி விமானம் உள்ள டிக்கெட்டுக்கு ஆளுக்கு 39 கனேடிய டாலர் கட்டணம் உண்டு. சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கே நேராகப் பறக்கும் சேவை உண்டு. கொழும்பிலிருந்து வடக்கே தரைவழியாகப் போவதை எண்ணினால் வயதானவர்களுக்கு அந்தப் பலாலி டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கிவிடுவதே சுகம்.

பதினெட்டு மாதம் ஒரு அசைவும் இல்லாவிட்டால் ஏரோபிளான் புள்ளி காலாவதி. வரவோ செலவோ ஏதாவது ஒன்று நடந்தால் போதும்.

கேள்வி: லண்டனிலிருந்து சென்னைக்கு “இலவச” டிக்கெட் என்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் மைலான ஏவியோஸ் போட்டால் நூற்றுக்கணக்கில் பவுண்டு கேட்கிறது. எதற்கு?
— ஆர்.என்., ஈஸ்ட் ஹாம்

பதில்: மூன்று விஷயம் ஒன்றாகக் கூட்டப்பட்டிருக்கிறது. முதலாவது அரசின் விமானப் பயணி வரி. இந்தியா இரண்டாம் தூரப் பட்டியலில் வருகிறது. 2025 ஏப்ரல் முதல் எகானமிக்கு 90 பவுண்டு, அதற்கு மேற்பட்ட வகுப்புக்கு 216. 2026 ஏப்ரல் முதல் 102, 244 என்று ஏறியது. எகானமியில் 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த வரி இல்லை. இரண்டாவது விமான நிலையக் கட்டணம். இவ்விரண்டும் தவிர்க்க முடியாதவை. மூன்றாவது நிறுவனமே போடும் கூடுதல் கட்டணம், டிக்கெட் விவரத்தில் ஒய்க்யூ அல்லது ஒய்ஆர் என்ற குறியோடு இருக்கும். எரிபொருள் பெயரைச் சொல்லி வந்தது, எண்ணெய் விலை இறங்கியும் போகவில்லை. வாக்குவாதம் செய்து பயனில்லை, ஆனால் தப்பிக்க இடமுண்டு.

ஒரே இருக்கையை எந்தத் திட்டத்தின் மைலால் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து இந்த மூன்றாவது தொகை மாறும். லுஃப்தான்சாவின் சென்னை விமானத்தை கிரிஸ்ஃப்ளையர் மைலால் எடுத்தால் கூடுதல் கட்டணம் உங்கள் தலையில். ஏரோபிளானிலோ யுனைடெட் மைலேஜ்பிளஸிலோ எடுத்தால் அதை வசூலிப்பதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களில் மைல் டிக்கெட்டுக்கு இதை 2017லேயே எடுத்துவிட்டது. உங்கள் ஏவியோஸையும் அப்படியே பிரிட்டிஷ் ஏர்வேஸில்தான் செலவழிக்கவேண்டும் என்பதில்லை. கத்தார் ஏர்வேஸ் 2022 மார்ச்சில் ஏவியோஸுக்கு மாறியது. இரு கணக்கையும் இணைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தலாம், தோஹா வழியாகச் சென்னைக்கு என்ன கேட்கிறது என்று ஒப்பிடலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்திலேயே கடைசிப் பக்கத்தில் ஏவியோஸைக் கூட்டிக் காசைக் குறைக்கும் தேர்வுகள் வரிசையாக வரும். அவசரத்தில் முதலில் தெரிவதையே அழுத்திவிடாமல் ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன வகுத்தல் கணக்கைப் போடுங்கள்.

பயணம் இந்தியாவில் தொடங்கி லண்டனில் 24 மணி நேரத்துக்குள் ஒரே டிக்கெட்டில் விமானம் மாறினால் பயணி வரி கிடையாது. ஆகவே சென்னையிலிருந்து நியூயார்க் போகும் பெற்றோருக்கு லண்டன் வழி அவ்வளவு கனக்காது, லண்டனிலேயே கிளம்புகிறவருக்குத்தான் கனக்கும்.

கேள்வி: அடுத்த மாதம் 30,000 மைல் காலாவதியாகிறது. பயணம் போவதோ எட்டு மாதம் கழித்து. வீணாகிவிடுமா?
— பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: டிக்கெட் எடுக்கும் நாளில் மைல் உயிரோடு இருந்தால் போதும், பறக்கும் நாளில் இருக்கவேண்டியதில்லை. இப்போதே எட்டு மாதம் கழித்துள்ள தேதிக்கு எடுத்துவிடுங்கள். தேதி மாற்றலாம், ரத்து மட்டும் செய்துவிடாதீர்கள். காலாவதி நாள் தாண்டிய மைல் அநேகமாகத் திரும்ப வராது.

காலாவதி இருவகை. கிரிஸ்ஃப்ளையரில் ஈட்டியதிலிருந்து 36 மாதம், அசைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மாதக் கடைசியில் போய்விடும். கட்டணம் கட்டி ஆறு மாதம் நீட்டலாம். எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸில் மூன்று ஆண்டு கழித்து உங்கள் பிறந்த மாத முடிவில். இவை முதல் வகை. ஏவியோஸில் கடைசி வரவு செலவிலிருந்து 36 மாதம், கேத்தேயில் 18 மாதம். ஒரு சின்ன வரவு போதும், மொத்தமும் புதுப்பிக்கப்படும். யுனைடெட், டெல்டா மைலுக்குக் காலாவதியே இல்லை.

காலாவதி இல்லை என்பதற்காகச் சேர்த்து வைத்துக்கொண்டே போவதும் சரியல்ல. மைலுக்கு வட்டி இல்லை. அட்டவணையை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியபோது மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் கணக்குகள் பிழைத்தன, ஏறிப்போகத்தான் விமானம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் செலவழிக்க வழி தெரியாத மைலைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. புள்ளியை வங்கியிலேயே விட்டு வைத்தால் பல நிறுவனங்களுக்கும் கதவு திறந்திருக்கும்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பாதி விலையில் பிசினஸ் கிளாஸ் மைல் டிக்கெட் தருகிறார். வாங்கலாமா?
— டி.கே., சேலம்

பதில்: வேண்டாம். மைலை விற்பதும் அதில் எடுத்த டிக்கெட்டை விற்பதும் ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் விதிமீறல். கண்டுபிடித்தால் கணக்கை மூடுவார்கள், டிக்கெட்டை ரத்து செய்வார்கள். போகும்போது விட்டுவிட்டு வரும்போது ரத்தானால் அயலூரில் நிற்பது நீங்கள். திருடிய கணக்கிலிருந்து எடுத்த டிக்கெட்டாகவும் இருக்கலாம்.

கேள்வி: மகன் ஏர் கனடாவில் டொராண்டோ வழியாக சியாட்டிலுக்கு மைல் டிக்கெட் எடுத்திருக்கிறான். எங்களிடம் அமெரிக்க விசா இருக்கிறது. வேறு ஏதாவது வேண்டுமா?
— எம்.எஸ்., ஈரோடு

பதில்: வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டில் கனடாவில் விமானம் மாறவும் டிரான்சிட் விசா தேவை. அமெரிக்க விசா இருக்கிறதே என்றால் செல்லாது. அந்தச் சலுகை சில நாட்டவருக்கு மட்டும், இந்தியா அதில் இல்லை. விண்ணப்பக் கட்டணம் இல்லை, நாள்தான் பிடிக்கும். லண்டன் வழியாக என்றால் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவைக் காட்டி வெளியே வராமல் மாறிக்கொள்ளலாம். மைல் டிக்கெட் தேடும் தளங்கள் விசாவைப் பார்ப்பதில்லை, எந்த ஊர் வழியாகவும் இணைத்துக் காட்டும். டிக்கெட்டை உறுதி செய்வதற்கு முன்பே நடுவில் வரும் ஒவ்வொரு ஊரையும் தனித்தனியாகச் சரிபார்க்கவேண்டும்.

மகன் அனுப்பிய தாளில் இன்னொன்றையும் பாருங்கள். ஏரோபிளானில் எடுத்து ஒரு துண்டு லுஃப்தான்சாவிலோ ஏர் இந்தியாவிலோ இருந்தால் அந்த நிறுவனத்தின் பிஎன்ஆர் வேறாக இருக்கும். மகனைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து அவர்கள் தளத்தில் போய், 13 இலக்க டிக்கெட் எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாமல் “உறுதி” என்று மட்டும் இருந்தால் டிக்கெட் இன்னும் அச்சாகவில்லை என்று பொருள். மைல் கழிந்திருந்தாலும் செக்-இன் மேசையில் ஏற்றமாட்டார்கள். சக்கர நாற்காலியும் சைவ உணவும் அந்த பிஎன்ஆரில்தான் பதியவேண்டும், 48 மணி நேரம் முன்பே. மைல் டிக்கெட் என்பதால் இவற்றைக் குறைப்பதில்லை. விமான அட்டவணை மாறினால் தகவல் மைல் கணக்குக்காரரான உங்கள் மகனுக்குத்தான் போகும். சியாட்டிலில் நள்ளிரவாக இருந்தாலும் அவர் போன் எடுக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.